முதுகு காட்டும் கிளிகள்

கார்த்திகை 3, செவ்வாய்

காலையில் தூறல். துணி காயவில்லை. மாவு புளித்துவிட்டது, தோசைதான்.

நாத்தனார் மல்லிகா வந்தாள். மகளிர் குழுத் தலைவி. புதுக்கோட்டை மியூசியத்தில் பழைய துணி, வீட்டுத் தையல் எல்லாம் வைத்திருக்கிறார்களாம். "மதினி, அண்ணன் போயி நாலு மாசமா வாசப்படி தாண்டல நீங்க. நாளைக்கு பஸ் ஏறணும். ஒங்க தலையணை உறையும் அங்கதான் இருக்கு."

போன மாதம் என் பெட்டியில் துழாவியது இதற்குத்தான். எந்த உறை என்று கேட்டேன்.

"கிளி போட்டது."

திக்கென்றது. 

கார்த்திகை 4, புதன்

நல்ல வெயில். ஜன்னல் சீட். ஆலங்குடி தாண்டியும் மல்லிகா வாய் மூடவில்லை.

பார்த்தவை: கண்டாங்கிச் சேலை. பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு. பாசிமணித் தோரணம். கையால் சுற்றும் தையல் மிஷின், சித்தியிடம் இருந்ததுபோல. சுருக்குப்பை ஏழு.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் உறை. ரெண்டு கிளி, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி. கீழே என் பேர் போட்ட அட்டை. கைவேலை: ராசாத்தி, கறம்பக்குடி.

பள்ளிப் பிள்ளைகளோடு வந்த டீச்சர் சொன்னார், "கிளி ரெண்டும் திரும்பி நிக்கிது பாருங்க. ஏதோ அர்த்தத்தோடதான் போட்டிருப்பாங்க."

சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தினேன். அழுகிறேன் என்று நினைத்து மல்லிகா முதுகைத் தடவினாள். அந்த டீச்சரிடம் "இவங்க போட்டதுதான்" என்று வேறு சொன்னாள். டீச்சர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். பாராட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அர்த்தமாவது. தைத்தது நானே இல்லை. என் வீட்டுக்காரர். லாரியிலிருந்து இறங்கும்போது கால் முறிந்து மூன்று மாதம் மாவுக்கட்டோடு கிடந்தாரே, அப்போது. "சும்மா கெடக்க முடியல, இங்கிட்டு குடு" என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டார். கட்டம் எண்ணுவதில் பிசகி, ரெண்டாவது கிளி அந்தப் பக்கம் பார்த்துவிட்டது. பிரித்துவிடச் சொன்னேன். "நாம சண்டை போட்டா இப்பிடித்தான படுக்குறோம். இருக்கட்டும்" என்றார்.

வாசலில் ஆள் சத்தம் கேட்டால் துணி என் மடிக்கு வந்துவிடும். "வெளிய சொல்லிராத. லாரி ஸ்டாண்டுல தலைகாட்ட முடியாது." சத்தியம் வேறு வாங்கினார்.

கார்த்திகை 5, வியாழன்

மழை. தலைவலி. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் அவர் கை செய்தது என் பேரிலேயே நின்றுவிடும். போனவருக்கு ஸ்டாண்டு ஏது. இருந்தாலும்.

சாயங்காலம் மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். முழித்தாள்.

"எங்கண்ணனா? சட்டைப் பட்டன் போனா ஊக்கு குத்திக்கிட்டுத் திரிஞ்ச ஆளா?"

சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் டீ கேட்டாள்.

"அட்டைய மாத்தணும் மதினி. எங்க வீட்டுப் பெருமைய நீங்களே வச்சுக்கலாமா?"

கார்த்திகை 7, சனி

மறுபடி பஸ். நிற்கத்தான் இடம். குடை மறந்தாச்சு, நல்லவேளை மழை இல்லை.

மியூசியத்து அம்மா பொறுமையாகக் கேட்டார். பேர் என்ன என்றார். எனக்கு வாயில் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து சொன்னதில்லை. மல்லிகாதான் சொன்னாள், "வீரையா."

"என்ன வேலை பாத்தாருங்க?"

அதை நான் சொன்னேன். லாரி டிரைவர்.

புது அட்டை வைத்த பிறகும் கிளம்ப மனசில்லை. காக்கிச் சட்டையில் ரெண்டு பேர் வந்தார்கள், பஸ் டிரைவர்கள் போல. ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு மற்றவரைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, இங்கிட்டு வா. நம்ம ஆளு ஒருத்தர் போட்டதாம்."

வந்தவர் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். "கிளி ஏன் ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிது?"

மல்லிகா என்னைப் பார்த்தாள்.

"புருசன் பொண்டாட்டிங்க," என்றேன். "விடிஞ்சா சரியாயிரும்."