விலகுகிறவனுக்கு ஒரு வெட்டு

டெவன்போர்ட்
6 ஜூன் 2023, செவ்வாய்

திருமதி ஹாக்கெட் அவர்களுக்கு,

வியாழக்கிழமைச் சங்கத்தில் சேர நீங்கள் கொடுத்த படிவத்தைச் சங்க உறுப்பினர் கார்மெல் என்னிடம் சேர்த்தார். இனி எதுவானாலும் எழுத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று நம் வக்கீல்கள் சொல்லியிருப்பதால் இந்தக் கடிதம். சங்கத்தின் செயலாளராக எழுதுகிறேன், உங்கள் முன்னாள் கணவனாக அல்ல.

எங்கள் "கணவாய்" ஆட்டம் ஏப்ரலிலிருந்து மூன்றாம் பதிப்பு விதிகளுக்கு மாறிவிட்டது. ஆளுக்குப் பத்துப் பொம்மை வீரர்கள், ஒரு மேசை, ஒன்றரை மணி நேரம் என்று வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். இருபது வருடம் ஆடியவர்களே இப்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுகிறோம். புதியவருக்குக் கற்றுத்தர யாருக்கும் நேரமில்லை. பொம்மைகளுக்குக் குறைந்தது மூன்று வண்ணம் பூசியிருக்க வேண்டும், பூசாதவை மேசைக்கு வரக்கூடாது. புதியவரின் முதல் ஆட்டம் செயலாளரோடுதான். இது 2004லிருந்து வழக்கம்.

இதையெல்லாம் யோசித்துப் படிவத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஊரில் பூப்பந்து இருக்கிறது, பாட்டுக்குழு இருக்கிறது.

வா. பாஸ்கோ
செயலாளர்

*

9 ஜூன், வெள்ளி

வாரன்,

என் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டுத் திருமதி ஹாக்கெட் என்று எழுதுவதற்குள் எத்தனை தாளைக் கிழித்தாய்?

பத்தொன்பது வருடம் வியாழக்கிழமைதோறும் அந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறேன், சமையலறைக் கதவு வழியாக. பாய்லரில் தண்ணீர் நிரப்பினேன், சாசேஜ் ரோல் சுட்டேன். பொம்மைகளுக்கு நடுவே கோப்பையை வைக்காதே என்று நீ எல்லார் முன்னாலும் அதட்டினாய், அதையும் கேட்டுக்கொண்டேன். நாம் பிரிந்தபோது வீட்டைப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மண்டபத்து மனிதர்களை யாரும் பிரிக்கவில்லை. மொத்தமாக உன் பக்கம் போய்விட்டார்கள். எட்டு மாதமாக எனக்கு வியாழக்கிழமை இல்லை. நான் சேருவதற்கு அதுதான் காரணம், வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

படிவத்தைக் கொடுக்கும்போது, நீ என்ன சொல்வாயோ என்று கார்மெலிடம் சொன்னேன். "அவன் கெடக்கான், நீ வாடி. இந்தத் தடவ முன்வாசல் வழியா வா" என்றாள்.

புதிய பதிப்பின் ஆரம்பப் பெட்டியை வாங்கிவிட்டேன். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வீரர்களை வெட்டி எடுக்கும்போது ஒருவனுடைய கையும் சேர்ந்து வந்துவிட்டது. அதை ஒட்டப்போய் என் விரல் இரண்டு ஒட்டிக்கொண்டன. அடிப்பூச்சு ஸ்ப்ரேயை வெளியே வைத்து அடித்தேன். ஈரக்காற்றில் பத்துப் பேரும் மணலில் புரண்டவர்கள் போல் சொரசொரப்பாகிவிட்டார்கள். உன் பழைய எதிராளி ஸ்டியூவிடம் சொன்னபோது, "ஜூன் மாசக் குளிர்ல வெளியவா அடிச்ச? கவலப்படாத, நாங்க எல்லாரும் ஒருதடவ அப்படி அடிச்சவங்கதான்" என்று சிரித்தான். சுரண்டிவிட்டு மறுபடி பூசுகிறேன்.

விதிப்புத்தகம் அறுபத்து நாலு பக்கம், இரண்டு முறை படித்துவிட்டேன். பழையதை மறக்க வேண்டிய சிரமம் எனக்கு இல்லை.

முதல் ஆட்டம் உன்னோடு என்றால் உன்னோடுதான்.

மெரிலின்

*

26 ஜூன், திங்கள்

மெரிலின்,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மூன்று வண்ணம் இருக்கிறது, எண்ணினேன். முகமெல்லாம் தக்காளி மாதிரி இருந்தாலும் மறுக்க விதியில் இடமில்லை. ஜூலை 6, மாலை ஏழு மணி, இரண்டாம் மேசை.

நீ வரக்கூடாது என்றுதான் விரும்புகிறேன், அதை மறைக்கப் போவதில்லை. வாரத்தில் அந்த ஒரு மாலைதான் உன்னைப் பற்றி நினைக்காமல் இருக்கிறேன். அதையும் கேட்கிறாய். மேசையில் சலுகை எதிர்பார்க்காதே.

வாரன்

*

7 ஜூலை, வெள்ளி

மெரிலின்,

பலகையில் எழுதியிருப்பதை நீயே பார்த்திருப்பாய். வீழ்த்தியவர்கள் கணக்கு: பாஸ்கோ 10, ஹாக்கெட் 3. ஐந்தாவது சுற்றில் உன் படையில் ஒருவன்கூட மிச்சமில்லை.

செயலாளராக ஒரு குறிப்பும் தருகிறேன். ஆளைச் சண்டைக்குள் அனுப்பிவிட்டு, நெருக்கினால் உடனே பின்னால் இழுக்கிறாய். விலகுகிறவனுக்கு ஒரு வெட்டு விழும், அதுதான் இந்த ஆட்டம். உன் தலைவன் உட்பட மூன்று பேர் அப்படித்தான் செத்தார்கள். தலைவன் போனபிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. புத்தகத்தை இரண்டு முறை படித்தால் போதாது. சிலருக்கு இது வரும், சிலருக்கு வராது. உனக்கு வராது.

வாரன்

*

10 ஜூலை, திங்கள்

வாரன்,

நன்றி. நான் எழுத வேண்டியதில் பாதியை நீயே உன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாய்.

பக்கம் 14, இரண்டாவது பத்தி. சண்டையிலிருந்து விலகும் வீரன் ஓட்டத்தில் பாதித் தூரம் நகரலாம், எதிரி அவனைத் தாக்க முடியாது. விலகுகிறவனுக்கு ஒரு வெட்டு என்பது பழைய பதிப்பின் விதி, மூன்றாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நீ மூன்று முறை அதைச் சொல்லிக்கொண்டே பகடையை உருட்டினாய். முதல் வெட்டு இரண்டாம் சுற்றில், என் வில்லாளி. அடுத்தது மூன்றாம் சுற்றில் தலைவன். நான்காம் சுற்றில் நான் கையை ஒட்டவைத்தவன். தலைவன் விழுந்தபோது பக்கத்து மேசையிலிருந்து ஸ்டியூ நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

நீ வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. இருபது வருடம் உருட்டிய கை தானாக உருட்டிவிட்டது. ஆனால் பலகையில் இருப்பது பொய். நீயே உன் கையால் அதைத் திருத்த வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும்.

மெரிலின்

*

12 ஜூலை, புதன்

நீ மூன்று முறையும் பார்த்தாய். பார்த்துவிட்டு ஏன் பேசாமல் இருந்தாய்?

தப்பு நடந்தால் மேசையிலேயே சொல்ல வேண்டும், கைகுலுக்கினால் முடிந்தது. உலகத்தில் எந்தச் சங்கத்திலும் இதுதான் முறை. நீ கைகுலுக்கினாய், "நல்ல ஆட்டம்" என்றாய். வீட்டுக்குப் போய் நாலு நாள் கழித்துப் பக்க எண்ணோடு எழுதுகிறாய். ஸ்டியூவையும் வாயை மூட வைத்திருக்கிறாய். இதற்குப் பெயர் என்ன? எனக்குத் தெரிந்த பெயர் பொறி.

பக்கம் 14 அப்படித்தான் சொல்கிறது, பார்த்துவிட்டேன். ஆனாலும் பலகையைத் திருத்த மாட்டேன். பத்தொன்பது வருடத்தில் என் ஆட்டத்தை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. ஒரு மாதம் பொம்மைக்கு வண்ணம் பூசியவள் வந்து கேட்க வேண்டாம்.

வா.

*

15 ஜூலை, சனி

வாரன்,

ஏன் பேசவில்லை என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். மூன்று நாள் யோசித்தேன்.

ஒருமுறை ஸ்ட்ரான் ஊருக்குப் போகும்போது நீ தவறான சாலையில் திரும்பினாய். வரைபடம் என் மடியில் இருந்தது. நாற்பது கிலோமீட்டர் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நீ ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாய். நீ தவறு செய்யும்போது நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படித்தான் இருபத்திரண்டு வருடம் பழகினேன். அன்றைக்கும் உன் எதிரில் உட்கார்ந்ததும் அதுவே வந்துவிட்டது. அது பொறி இல்லை, ஆனால் தப்புதான். மேசையிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் ஆட்டத்தின் கணக்கை நீ திருத்த வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. 13ஆம் தேதி நீ வரவில்லை, நான் வந்தேன். ஏப்ரலிலிருந்து உன்னோடு முதல் ஆட்டம் ஆடிய புதியவர்கள் என்னைத் தவிர நாலு பேர். அவர்களில் நர்ஸ் ஃபெர்ன் அன்றைக்கு இருந்தாள், கேட்டேன். "ஆமா, ரெண்டு பேர அப்படித்தான் வெட்டினாரு. நான்தான் புத்தகத்தத் தப்பாப் படிச்சிட்டேன்னு நெனச்சேன்" என்றாள். கப்பல்துறையில் வேலை செய்யும் லாக்லன் அந்த ஒரு ஆட்டத்தோடு நின்றுவிட்டான். பெட்டியை விற்றுவிட்டானாம்.

அவர்களுக்கு நீ என்ன பதில் சொல்லப்போகிறாய்? எனக்குப் பதில் வேண்டாம். அவர்களுக்கு எதுவும் சொல்லாமல் அந்தச் செயலாளர் நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால், மண்டபத்தை நீயே வைத்துக்கொள். நான் வரமாட்டேன்.

மெரிலின்

*

19 ஜூலை, புதன்

மெரிலின்,

நாலு பேரின் ஆட்டத்தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். தப்பான வெட்டு ஏழு, உன்னுடையதைச் சேர்த்தால் பத்து. காரணத்தோடு எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டேன். ஐந்து ஆட்டங்களும் ரத்து. உன்னுடையது அப்படியே இருக்கட்டும் என்றாய், அதை முடிவு செய்ய வேண்டியது நீயில்லை.

மூன்று பேருக்கு எழுதினேன். லாக்லனை மட்டும் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியுங்க. ஆனா நீங்கதானே செயலாளர்" என்றான். நீ எழுதிய எல்லாவற்றையும்விட எனக்கு இது வலித்தது. பழைய படை ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், வருவேன் என்று சொல்லவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ கண்டுகொண்டும் சும்மா இருந்தாய், அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை.

நாளை உன் ஆட்டம் ஃபெர்னோடு, முதல் மேசை. அடுத்த வாரம் ரத்தான ஆட்டத்தை என்னோடு மறுபடி ஆட வேண்டும். என் கை பழைய விதிப்படிதான் போகும், ஒரு மாதத்தில் மாறாது. அப்படிப் போகும்போது சொல். எல்லாருக்கும் கேட்கும்படி சொல். எனக்குப் பிடிக்காது. சொல்.

வாரன்