கன்னத்தில் விழுந்த கோடு

என்னங்க, என் சாமி,

நீங்கள் போன அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன். நம் மகள் சாந்தி இருந்தாள். அவள் புருஷன் முருகேசன் பால்கனியில் நின்று ஆபீஸ் போனிலேயே பேசிக்கொண்டிருந்தார், மறக்கவில்லை. உங்களுக்குக் கொள்ளி வைத்த உங்கள் தம்பி மகன் சரவணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான், அதையும் மறக்கவில்லை. மேல் வீட்டு பிம்லா எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள், சர்க்கரை போட மறந்துபோனாள். அவள் நல்லவள், விட்டுவிட்டேன். டாக்டர் சர்டிபிகேட் எழுத உங்கள் பெயரைக் கேட்டார். நான் சாந்தியைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். தாலி ஏறிய நாளிலிருந்து என் வாய் உங்கள் பெயரைச் சொன்னதில்லையே.

இல்லாதவன் நம் குமரன்தான். சேதி கப்பலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நடுக்கடலிலிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்து வருவான்?

அவன் நேவியில் சேர்ந்த நாளில் நீங்கள் போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? "ஏளா பேச்சி, கடல்ல நிக்கவனுக்கு வீட்டுக் கவலை ஆகாது. மிஷின்ல கை வச்சு வேலை பாக்கவன். நல்ல சேதிய மட்டும் சொல்லு." நான் பாத்ரூமில் விழுந்து இடுப்பு முறிந்ததை அவனுக்குச் சொல்லவில்லை. என் தங்கச்சி செத்ததை அவன் கரைக்கு வந்த பிறகுதான் சொன்னோம். கப்பல் எங்கே நிற்கிறது என்று அவனும் சொல்லக்கூடாதாம். நீங்கள் தந்திரமாக, "அங்க இப்ப பகலாடே, ராத்திரியாடே?" என்று கேட்பீர்கள். அவன் சிரிப்பான். பதிலை வைத்துக்கொண்டு பேத்தியின் பள்ளிக்கூட மேப்பில் விரலால் தேடுவீர்கள்.

பிறகு உங்களுக்கு நுரையீரல் போயிற்று. இந்த டெல்லிப் புகை தின்றது பாதி, உங்கள் பீடி தின்றது பாதி. மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஆட்டோவில் போனோம். படி ஏற முடியாமல் கீழே செருப்பு விடுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். என் கையை இழுத்து உங்கள் தலைமேல் வைத்துக்கொண்டீர்கள்.

"அவனுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

"பெத்த பிள்ளைகிட்ட மறைக்கிற அளவுக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"பண்ணுளான்னா!"

தலையில் கை வைத்துப் பண்ணின சத்தியம். மீறினால் உங்கள் தலைக்குத்தானே கேடு? பண்ணினேன். சாந்தியையும் பண்ண வைத்தீர்கள். பிம்லாகூடச் சொன்னாள், "பேட்டே கோ பதா தோ, ஆண்ட்டிஜி", பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்று. நான் காது கேட்காதவள் மாதிரி நின்றேன்.

கரையிலிருந்து அவன் வீடியோ போனில் வரும்போதெல்லாம் நீங்கள் பண்ணின கூத்தை யாரிடம் சொல்வேன்? நீலக் கட்டம் போட்ட சட்டை வேண்டும். தலை சீவ வேண்டும். ஆக்ஸிஜன் மிஷினை நிறுத்த வேண்டும், சத்தம் கேட்டுவிடுமாம். மூக்குக் குழாயைக் கழற்றி என் கையில் கொடுப்பீர்கள். குக்கரில் சாய்த்து வைத்த போனுக்கு இந்தப் பக்கம் நான் குழாயோடு நிற்பேன். உங்கள் உதடு நீலம் பாரிக்கும். "சரிடே, எல்லாம் நல்லாருக்கோம், வையி." அவ்வளவுதான். அவன் முகம் மறைந்ததும் என் கையிலிருந்து குழாயைப் பிடுங்குவீர்கள், தண்ணீரில் மூழ்கி எழுந்தவர் மாதிரி.

நான் உங்கள் மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவன் என்ன பார்த்தான் என்று நமக்குத் தோன்றவே இல்லையே?

கடைசியாக அவன் கூப்பிட்டபோது, "அப்பா, ரொம்ப நாள் செய்லிங் இது, கடல்லயே இருக்கணும். லீவு கேட்டா குடுப்பாங்க. வந்துட்டுப் போகட்டுமா?" என்றான். அதற்குள் உங்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. "வேலையப் பாருடே. வையி" என்று நீங்களே பொத்தானை அமுக்கினீர்கள். பிறகு அன்று முழுக்கச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். அழுதீர்களா? நான் கேட்கவில்லை.

கப்பல் திரும்பி அவன் வந்தான். வாடகை மிஷினைக் கடைக்காரன் முன்னமே எடுத்துப் போயிருந்தான். "திடீர்னு நெஞ்சடைச்சிருச்சு" என்றாள் சாந்தி. நானும் தலையாட்டினேன். குமரன் தானாகவே மொட்டை போட்டுக்கொண்டு வந்து உங்கள் படத்தை மாட்டினான். வீடியோ போனில் உங்களுக்குத் தெரியாமல் பிடித்து வைத்திருந்த படம். நீலச் சட்டையில் சிரிக்கிறீர்கள். இரண்டு கன்னத்திலும் காதிலிருந்து மூக்கு வரைக்கும் ஒரு கோடு. குழாய் அழுத்திய தடம். அவன் அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டிருக்கிறான். அது என்ன கோடென்று அவனுக்குத் தெரியாது.

ஆணியை அடித்துவிட்டு நின்றவன், "பேங்க் வேலைய விட்டுட்டு நேவிக்குப் போனத அப்பா மாஃப் பண்ணவே இல்லம்மா, மன்னிக்கவே இல்ல. என்கூட ரெண்டு மினிட் பேசக்கூட அவருக்கு மனசில்ல. கடைசியா எனக்குச் சொன்னது 'வையி'தான். ஹே நா? அப்படித்தானே?" என்றான்.

சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டினேன். உங்கள் தலை எரிந்து யமுனையில் கரைந்த பிறகும் அதன்மேல் வைத்த கையை எடுக்கத் தெரியவில்லை எனக்கு.

இப்போது அவன் சேதி கேளுங்கள். கரைக்கு வந்தால் போன் செய்கிறான். "சாப்டியா? அச்சா, வைக்கிறேன்." உங்களிடம் கற்ற பாடம். இந்த லீவுக்கு ஒரே ஒரு நாள்தான் வருவானாம். "அங்க வந்து என்னம்மா பண்ண?" என்று கேட்கிறான்.

சத்தியத்தை மீறினால் தலை போகும் என்றார்கள். நான் மீறவில்லையே, உங்கள் தலை நின்றதா?

அதனால் இதை எழுதினேன். அஞ்சாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணல்தான். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கடிதம் கேட்டார்கள், இதைப் போடுகிறார்களாம். போடட்டும், குமரன் கண்ணில் பட்டாலும் அவனுக்குப் படிக்க வராது. டெல்லியில் தமிழ் படித்து என்ன கிழிக்கப் போகிறான் என்று இந்தி எடுக்க வைத்ததும் நீங்கள்தான், அதையும் மறக்கவில்லை. படிக்க வராததும் நல்லதுக்குத்தான். நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த ஒரு நாள் போதும். உங்கள் படத்தின் முன்னால் அவனை உட்கார வைத்து, கன்னத்துக் கோட்டைத் தொட்டுக் காட்டி, ஒரு வரி விடாமல் வாசிப்பேன். உங்களுக்குப் பண்ணின பழைய சத்தியத்தை உடைக்க, இது நான் உங்களுக்குப் பண்ணுகிற புதுச் சத்தியம்.

அவன் உங்களை மன்னித்துவிடுவான். அழுவான், மன்னித்துவிடுவான். எனக்கு அந்தக் குணம் கிடையாது. முருகேசனை விட்டாயிற்று. சரவணனையும் விட்டுவிடுவேன், கண்ணாடிக்குள் அழுதிருந்தானாம். நான் மன்னிக்க மாட்டாதது ஒரே ஒருவரை. வாய் சொல்லாத பெயரைக் கை எழுதட்டும்.

சங்கரலிங்கம்.

உங்கள் பெண்டாட்டி,
குமரனைப் பெற்ற பேச்சியம்மாள்