கேபிளைக் கழற்றிய பிறகு

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுநாள் அது மேசையில்தான் கிடக்கும், மீதியையும் படித்துவிடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும் ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதிவிட்டாய். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுவதில்லை, தான் நடத்தும் ஓட்டுநர் பள்ளியை மூடி, காரை விற்று, உன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மணி அடிச்சா நான் விடாம இருப்பேனா? மணியே அடிக்கலடி. இதச் சொன்னா உங்கண்ணன் என்னைக் கைக்குழந்தையப் பாக்கற மாதிரி பாக்கறான். முன்னால போற லாரி பிரேக் போடறதுக்குள்ள என் கால் பிரேக்ல இருக்கும். எனக்கா மறதி?"

நான் அம்மாவை நம்புகிறேன். அந்த போன் நீ வாங்கித் தந்தது, உன் நிறுவனம் செய்தது. அதில் பேட்டரியைச் சேமிக்கும் பகுதி உன் குழுவின் கைவேலை. காலையில் எழுப்பும் கடிகார மணி ஒழுங்காக அடிக்கிறது. மருந்து நேரம் சொல்லும் செயலிதான் சில நாள் ஊமையாகிவிடுகிறது. போன் நெடுநேரம் சும்மா கிடந்தால் உங்கள் பகுதி அந்தச் செயலியின் கழுத்தை நெரிக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

சந்தேகம் மட்டும் போதாது, தெரியும். அந்த போனில் ஓடும் இயங்குதளத்தை எடுத்து எந்த நிறுவனமும் போன் செய்யலாம். ஆனால் அதன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொதுவான சோதனைகள் அத்தனையிலும் போன் தேற வேண்டும். அந்தச் சோதனைகளை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். குறித்த நேரத்தில் மணி அடித்தே தீர வேண்டும் என்று விதிநூலில் இருக்கிறது. போன் ஆழ்ந்து தூங்கும்போதும் அடிக்கிறதா என்று கேட்கத்தான் ஒரு சோதனையும் இல்லை. அதை நான் எழுதப்போகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விடை தெரியும்வரை காரை விற்காதே.

அன்புடன்,
தங்கை


ஜூன் 11

அன்பு வாலு,

பாதியில் வைக்கவில்லை. உன் அண்ணி இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னாள். கழுத்தை நெரிக்கும் இடம் வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இனி வீட்டில் காப்பிகூட நான் பயந்துகொண்டுதான் கேட்க வேண்டும்.

அலுவலகத்தில் என்னை 'ரெண்டு நாள்காரர்' என்று கூப்பிடுகிறார்கள், உனக்குத் தெரியாது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்கும் போன். நாள் முழுக்கத் தெருவில் அலைகிறவர்கள் எங்களை வாழ்த்துகிறார்கள். அதைச் செய்தவனைக் கொலைகாரன் என்கிறாய். பரவாயில்லை, சின்ன வயதிலேயே உன் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அம்மாவுக்குக் கண் போய்விட்டால் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. அவசரப்படுவது அதனால்தான்.

சரி, ஒப்பந்தம். நீ எழுது, எங்கள் போனில் நானே ஓட்டிப் பார்க்கிறேன். போன் தோற்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். தேறினால் நீ திறக்கக் கூடாது, அம்மா என்னோடு வந்துவிட வேண்டும். காரை வாங்கிக்கொள்ள எதிர்வீட்டு டாக்சிக்காரர் தயாராக இருக்கிறார்.

அண்ணன்


ஜூலை 2

வாலு,

நீ அனுப்பிய சோதனையை எங்கள் போன்களில் ஓட்டினேன். எல்லாம் பச்சை. மணி சொன்ன நேரத்தில் அடித்தது. நம்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

ஜெயித்த மாதிரியே இல்லை. அப்படியானால் அம்மாவுக்கு நிஜமாகவே மறதிதானா? மாதக் கடைசியில் டாக்சிக்காரரோடு வருகிறேன். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவை.

அண்ணன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

பக்குவமாகச் சொல்வதற்காக அம்மாவை என் அறைக்கு வரச் சொன்னேன். கூரையில் எல் போர்டு வைத்த பயிற்சிக் காரிலேயே வந்து இறங்கினாள். மேசையில், நண்பர்களிடம் இரவல் வாங்கியும் பழைய சாமான் கடையில் பொறுக்கியும் சேர்த்த போன்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் என் கணினிக்கு ஒரு கேபிள். சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை நான் தொண்டையில் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னடி இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி? எல்லாத்துக்கும் குளுக்கோஸ் ஏத்திப் படுக்க வச்சிருக்க?"

"கேபிள்மா. சோதனை இது வழியாத்தான் போனுக்குள்ள போகும்."

"சார்ஜும் ஏறுமா?"

"ஏறும்."

"கொடுத்து வச்சதுங்க. என்னோடது நாள் பூரா டாஷ்போர்டுல பட்டினியா கிடக்கு."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அண்ணா, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன் எதற்காகச் சேமிக்கப் போகிறது? கேபிள் செருகியிருக்கும்வரை அது ஆழ்ந்து தூங்குவதே இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டவனைக் கூப்பிட்டு, பட்டினி தாங்குவாயா என்று கேட்டிருக்கிறேன். நீயும் கேபிளோடுதான் ஓட்டியிருப்பாய். தோற்க வேண்டிய போனில் சோதனை தோற்கிறதா என்று முதலில் பார்ப்பது இந்த வேலையின் பாலபாடம். அம்மாவின் போன் அம்மாவிடம் இருந்ததால் அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டேன்.

கேபிள் இருந்தாலும் இல்லை என்று போனை நம்பவைக்க ஒரு கட்டளை உண்டு. அதைச் சோதனையின் தலையில் சேர்த்தேன். அம்மாவின் போனிலேயே ஓட்டினேன். சிவப்பு. திரும்ப ஓட்டினேன். சிவப்பு. வேறு நிறுவனப் போன்கள் பச்சையாகவே நின்றன, ஆகவே கேள்வி அநியாயமானது இல்லை. பின்னால் நின்ற அம்மா, "சிவப்புன்னா நிக்கணும்" என்றாள். "நிக்க வேண்டியது அண்ணன்தாம்மா" என்றேன்.

திருத்தியதைப் பொதுச் சோதனைத் தொகுப்புக்கு அனுப்பிவிட்டேன். சரிபார்ப்பவர்கள் இருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் தந்துவிட்டார். இன்னொருவர், போன் செய்யும் நிறுவனத்திலிருந்து யாராவது ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும் என்கிறார். அந்த யாராவது நீயாக இரு என்று நான் கேட்கவில்லை. உன் போன் தோற்கும் சோதனையை உன் கையாலேயே உள்ளே விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அதுவரை மருந்துக்கும் கடிகார மணியையே வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அன்புடன்,
தங்கை

பி.கு: பக்குவமாக எதையும் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.


ஆகஸ்ட் 20

அன்பு வாலு,

சிவப்பு. அலுவலகத்தில் கைக்குக் கிடைத்த போனில் எல்லாம் ஓட்டினேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அண்ணி, "இப்ப யாருக்கு மறதி?" என்று மட்டும் கேட்டாள்.

மேலாளரிடம் போனேன். "நம்ம போன் தோக்கற சோதனைய நீங்களே உள்ள விடுவீங்களா? ரெண்டு நாள் ஒன்றரை நாளாயிடுமே" என்றார். "ஆகட்டும் சார். மருந்து நேரத்துக்கு அடிக்கற ஒன்றரை நாள் போதும்" என்றேன். அவர் தன் போனை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். "எங்கப்பாவுக்கும் இந்தப் போன்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார். என்னைத் தடுக்கவில்லை.

அன்று மாலையே சரிபார்ப்பவர்களுக்கு எழுதினேன்: 'எங்கள் போன் இதில் தோற்கிறது. சோதனை சரி. தவறு எங்களுடையது.' இரண்டாமவரும் ஒப்புதல் தந்தார். போன வாரம் உன் சோதனை உள்ளே போய்விட்டது. அடுத்த பதிப்பிலிருந்து, உலகத்தில் எவன் போன் செய்தாலும் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கடைக்கு அனுப்ப முடியும். குழு முழுவதையும் கூப்பிட்டு அதை வரிவரியாக வாசித்துக் காட்டினேன். எழுதியது யார் என்றும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

எங்கள் பகுதியைத் திருத்திய பிறகு பார்த்தால் பேட்டரி நேரம் அரை மணிகூடக் குறையவில்லை. அந்த அரை மணிக்காகத்தான் அம்மாவின் பேச்சை நம்பாமல் இருந்திருக்கிறேன்.

திருத்தியதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். டாக்சிக்காரர் இல்லாமல். அதை அவள் போனில் ஏற்றினேன். கண் அழுத்தம் இறங்கிவிட்டதாம், மருத்துவர் சொன்னதைச் சொல்லிவிட்டு, "வகுப்பு இருக்கு, வேணும்னா பின்னாடி ஏறு" என்றாள். புதிதாகக் கற்றுக்கொள்ளும், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி ஸ்டியரிங்கை உயிரைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். போன் டாஷ்போர்டில், கேபிள் இல்லாமல், பட்டினியாக. திரை அணைந்துதான் கிடந்தது. நான் சாலையைப் பார்க்கவே இல்லை.

திருப்பத்தில் மருந்துச் செயலி அடித்தது. அந்தப் பெண்மணி திடுக்கிட்டதில் வண்டி குலுங்கி அணைந்துவிட்டது.

"மணிதான் அடிக்குது, மாரடைப்பு இல்ல. ஓரமாத் தள்ளி நிக்க வைங்க" என்றாள் அம்மா. தலையைச் சாய்த்து இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டுக்கொண்டாள். கண்ணைத் திறந்ததும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"டேய், பின்னாடி கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"சரி. கிளச்ச மிதிங்க, போலாம்."

இதைத் தபாலில் போட்டதும் உன்னைக் கூப்பிடப்போகிறேன். நீயே முதலில் வைக்கும்வரை வைக்க மாட்டேன்.

உன் அண்ணன்,
இன்னும் ரெண்டு நாள்காரன்தான்