ரவுண்ட்ஸுக்கு எழுந்து நிற்பவர்கள்

என் புனிதா அக்காவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு வார்டில் உங்கள் இடம் காலியாக இல்லை. ஒரு சுவர் விசிறி கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தமிழ் தெரியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது. அதனால் மேலிடத்தில் அதன்மேல் நல்ல அபிப்பிராயம்.

எனக்குக் கண்டிக்கு மாற்றல் வந்துவிட்டது. மகளும் அவள் அப்பாவும் அங்கேதான். "எப்பம்மா வாறீங்க?" என்று தினமும் கேட்கிறாள். நான் போனால், வார்டில் நோயாளிகளோடு தமிழ் பேசத் தாதி யாரும் இல்லை; மற்றவர்களுக்கெல்லாம் சிங்களம்தான். போகவா, இருக்கவா?

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கட்டிலை விட்டிறங்கி நிற்பது இன்னும் அப்படியே இருக்கிறது. காலையில் துரைக்கு முன்னால் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்துப் பழகிய உடம்பு. நீங்கள் முன்னாலேயே ஓடிப்போய், "படுங்க, படுங்க! இங்க யாரும் பேர் போட வரல!" என்று அதட்டுவீர்கள். இப்போது நான் ஓடுகிறேன். எல்லா நாளும் முடிகிறதா?

போன வாரம் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், தாதியர் வேலையில் திருப்தியாக இருக்கிறார்களா என்று பார்க்க. அவர் நுழைந்ததும் வார்டே எழுந்து நின்றது. இப்படி ஓர் ஒழுங்கை எங்கும் கண்டதில்லை என்று நெகிழ்ந்து போனார். அந்த ஒழுங்கின் கடைசியில் அப்புத்தளைச் செல்லம்மா, முதல்நாள் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், கட்டில் கம்பியைப் பிடித்து நின்றார். பாராட்டு முடிவதற்குள் சரிந்தார். நான் மறுகோடியில் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்வதற்குள் தையல் விட்டிருந்தது.

மறுபடி தைத்துக் கொண்டுவந்த பிறகு, "ஏங்க எந்திரிச்சீங்க?" என்றேன்.

"பெரிய ஐயா வாறப்ப எப்படிங்க மிஸ்ஸி படுத்துக் கெடக்குறது? மரியாத இல்லீங்களே."

மாலையில் எங்களுக்குக் கூட்டம். அதிகாரி வந்தார். தாதிமார் எல்லோரும் எழுந்து நின்றோம். "வேலையில் திருப்திதானே?" என்றார் சிங்களத்தில். நின்றபடியே எல்லோரும் "ஆமா சேர்" என்றார்கள். எனக்குச் செல்லம்மாவின் ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"சுகமில்லையா?" என்றார் அதிகாரி.

"சுகம்தான் சேர். திருப்திதான் இல்லை. தமிழ் பேசுகிற இன்னொரு ஆள் வேண்டும்."

பார்ப்போம் என்று தலையாட்டினார். விசிறி ஞாபகம் வந்ததை நான் வெளியே சொல்லவில்லை.

இன்று காலை ரவுண்ட்ஸுக்கு நான் ஓடத் தொடங்குமுன்பே ஒரு குரல் கேட்டது. செல்லம்மா, படுத்தபடியே, பக்கத்துக் கட்டில்காரியிடம்: "ஏய், படுடி! தையல் பிச்சிக்கிட்டா ஒங்க அப்பனா வந்து தைப்பான்?"

உங்கள் குரல் மாதிரியே இருந்தது அக்கா. வெள்ளிக்கிழமை செல்லம்மாவும் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு?

சரி, ஒரு வாக்குத் தருகிறேன். இங்கே தமிழில் அதட்ட ஒருத்தி வரும்வரை நான் கண்டிக்குப் போகமாட்டேன். இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் நீங்கள் கனவில் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்
உங்கள் தங்கச்சி,
சுமதி