வெள்ளிக்கிழமை நாலு மணி சாட்டிங்

3 மார்ச் 2006, வெள்ளி

ஒரு மணி நேரச் சாட்டிங்கில் ஐம்பது நிமிடம் 'சாப்டாச்சா', 'தயிர் சாதம்' என்பதிலேயே போனது. இந்த இணையவழி கோர்ஸில் குழுவுக்கு மூன்று பேர். ஆலத்தியூர் சிமென்ட் ஆலை ஆபீஸில் வேலை பார்க்கும் வேல்முருகன், அரும்பாவூர் தனம், லெப்பைக்குடிக்காட்டில் நான். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பேக்கரி தொடங்க ஒரு திட்டம் எழுத வேண்டும். இரண்டு பேரும் தங்கள் பகுதியை 'நாளைக்கு அனுப்புறேங்க' என்கிறார்கள். அதட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சென்னையிலிருந்து கிருஷ்ணமூர்த்தி சார் சாட்டின் ஒவ்வொரு வரியையும் படித்துத்தான் மார்க் போடுவார். தயிர் சாதத்துக்கு எத்தனை போடுவாரோ!

"இதுலயும் பெயிலானா பிரவுசிங் சென்டர் பக்கமே போகக் கூடாது" என்கிறார் அத்தா. டைப்ரைட்டிங்கில் ஏற்கெனவே கோட்டை விட்டவள் நான்.

10 மார்ச், வெள்ளி

நாலு மணிக்கு உட்கார்ந்து 'வணக்கம்' அடித்தேன். அக்காவைப் பிரசவத்துக்குப் பெரம்பலூர் கொண்டு போகிறார்கள் என்று ஆள் வந்தது. "அரங்கநாதண்ணே, இத மூடிருங்க" என்று சென்டர்காரரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஆண் குழந்தை. சாட்? போச்சு.

11 மார்ச்

பாவி மனுசன் மூடவே இல்லை!

வெள்ளிக்கிழமை சவுதியில் லீவு. எங்கள் ஊர்த் தாய்மார்கள் மகன்களோடு பேசச் சென்டரில் வரிசை கட்டுவார்கள். சாட் திறந்தே இருந்ததால், பக்கத்து வீட்டு பாத்திமா பீவி மாமியை என் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டார். மாமி சொல்லச் சொல்ல இவர் டைப் அடித்திருக்கிறார். மாமி மகன் நசீர் தம்மாமில் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தானாம். மாமி பேசியதெல்லாம் என் குழுவோடு. அதுவும் என் பெயரில்!

"பேரைப் பாக்கலையாண்ணே?"

"நசீரோட ரூம்ல கூட இருக்குற பசங்கன்னு நெனச்சேம்மா."

பதிவாகியிருந்ததைப் படித்தேன்.

ருமைசா: அனுப்புறேன்னியே, எங்க?
வேல்முருகன்: நாளைக்குங்க.
ருமைசா: நாலு மாசமா இதே நாளைக்குத்தான். வெக்கமா இல்ல? இப்பவே அனுப்பு.

மாமி கேட்டது பணத்தை. தனம் பயந்துபோய்த் தன் பகுதியை அனுப்பிவிட்டாள். பின்னாலேயே வேல்முருகனும்.

ருமைசா: போட்டோ?

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வந்திருக்கிறது!

ருமைசா: என்னடா இது மீசை? பொண்ணு வூட்ல என்ன சொல்லுவாங்க? எடுத்துரு.
வேல்முருகன்: சரிங்க.

"பெத்த புள்ளையவா மாமி அடையாளம் தெரியல?"

"மூணு வருசமாச்சுடி. கண்ணாடிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன். கறுத்துட்டானேன்னு அழுதேன் தெரியுமா?"

சார் இதையெல்லாம் படிப்பார். பெயில்தான். அத்தாவிடம் என்ன சொல்வேன், அல்லாவே!

24 மார்ச்

சாரிடமிருந்து மெயில். 'குழுவை விரட்டி வேலை வாங்கிய விதம் அருமை. ருமைசாவுக்கு 91. மீசை மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.'

அத்தா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சாரிடம் உண்மையைச் சொல்லணும். சொல்லுவேன். நாளைக்கு.

2 ஏப்ரல், ஞாயிறு

பெரம்பலூரில் நேர்முக வகுப்பு. என் பெயரைச் சொன்னதும் தனம் நோட்டை மறைத்தாள். வேல்முருகன் எழுந்தே நின்றுவிட்டார். மேலுதடு மழமழவென்று இருந்தது.

"எடுத்துட்டேங்க. வூட்ல ஏன்னு கேட்டாங்க. கோர்ஸ்ல சொன்னாங்கன்னேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சாப்டாச்சா?" என்றுதான் வந்தது.

7 ஏப்ரல், வெள்ளி

இரண்டாவது திட்டம். மூன்றரைக்கே போய்ப் பக்கத்து நாற்காலியை மாமிக்குப் பிடித்து வைத்தேன். மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"மொதல்ல அந்த மீசக்காரப் புள்ள அனுப்பிருச்சான்னு கேளு."