இருபத்தொரு நட்சத்திரம்

பாலோ, ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பைரோஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்பும் மனமும் குறையில்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன், கிளாஸ்கோ குளிரில் போன வருடத்து நெஞ்சுச் சளி திரும்பவில்லை என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சொல்லும்படியான நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அத்தாவுக்கு இனிப்பு நீர் வியாதிக்கான சர்க்கரை அளவு போன மாதப் பரிசோதனையில் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனாலும் நான் இல்லாத நேரம் பார்த்து தே தாரிக் டீயில் இனிப்புப் பால்டின்னைக் கவிழ்த்துக்கொள்வதை அவர் விடவில்லை. கடைப் பின்பக்கத்துக் கூரை இந்த மழைக்கு மறுபடியும் ஒழுகுகிறது. சின்னத்தா மகள் சமீராவுக்குக் காஹாங்கில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், நிக்காஹ் பள்ளி விடுமுறையில் இருக்கும். இந்தக் கடிதத்தை உன் பெருநாள் சட்டை மடிப்புக்குள் வைத்துப் பார்சலில் அனுப்புகிறேன். வாட்ஸாப்பில் எழுதினால் நீ வேலைக்கு நடுவே ஒரு கண்ணால் படித்துவிட்டு “ஓகேமா” என்று போடுவாய், நான் அதோடு தப்பித்துவிடுவேன். பயப்படாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கும் ஒரு செய்தி இருக்கிறது, அது என்னுடையது.

நான் குளுவாங் கல்லூரியில் உளவியல் அறிமுகப் பாடம் நடத்துவது உனக்குத் தெரியும். பதினோரு வருடமாக அந்தப் பாடத்தின் மூன்றாவது வாரத்தில் உன்னைப் பற்றித்தான் பேசிவந்தேன் என்பது உனக்குத் தெரியாது. பெயர் சொன்னதில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன், அவன் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், வீட்டில் பசி என்பதே இல்லை, ஆனாலும் தினமும் கடையில் கல்லில் போடும் ரொட்டி சானாயை எடுத்துப் பள்ளிப் பையிலும் தலையணை உறையிலும் ஒளித்து வைக்கிறான், எறும்பு ஊர்ந்த பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது என்று ஆரம்பிப்பேன். எறும்பு என்றதும் வகுப்பு சிரிக்கும், அந்தச் சிரிப்புக்கு இடம்விட்டுப் பேசப் பழகியிருந்தேன். பிறகு உளவியலின் ஒவ்வொரு பிரிவும் அவனை எப்படி விளக்கும் என்று காட்டுவேன். அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவள் பாசத்துக்குப் பதிலாக உணவைப் பிடித்துக்கொண்டான், அந்த ஏக்கம் அவனுக்கே தெரியாது என்று உளப்பகுப்பாய்வு சொல்லும். வளரும் வயது, பசியைத் தூண்டும் சுரப்பிகள், மூளையில் இன்பம் ஓடும் வழி என்று உயிரியல் உளவியல் சொல்லும். அந்த வருடம் கடை இரண்டு வாரம் மூடிக் கிடந்தது, அதனால் சாப்பாடு தீர்ந்துபோகும் என்று தவறாக முடிவு கட்டிக்கொண்டான் என்று அறிதல் உளவியல் சொல்லும். அவனை அப்படியே ஏற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும், மற்றது தானாக வரும் என்று மனிதநேய உளவியல் சொல்லும். கடைசியாக என் கட்சி, நடத்தையியல். ஒளித்து வைத்தால் அம்மா கத்திக்கொண்டு ஓடிவருகிறாள், அந்தக் கவனம்தான் அவனுக்குப் பரிசு, பரிசை வேறு பக்கம் திருப்பினால் பழக்கம் நின்றுவிடும் என்று சொல்லி உன் நட்சத்திர அட்டையைத் திரையில் காட்டுவேன். ரொட்டி காணாமல் போகாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நட்சத்திரம், இருபத்தொரு நாளில் இருபத்தொரு நட்சத்திரம். நீ கடை வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அது, முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தேன். இதோ சான்று என்பேன்.

இந்தத் தவணையில் பின்வரிசையிலிருந்து யோகேஸ்வரி என்ற மாணவி கை தூக்கினாள். “மேடம், அந்தப் பையன் ரொட்டிய திங்கலீங்க, அது எங்க லயத்து நாய்க்கு” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஊகத்துக்கும் சான்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் உளவியல் படிக்க வந்துவிட்டாயா என்று நாற்பது பேர் முன்னால் அவளைக் கேட்டு உட்கார வைத்தேன். அவள் கோபப்படவில்லை. வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்து, “மேடம், படத்துல பின்னால தெரியிறது பாலோ கடை போர்டுதானே? எங்கண்ணன் ஜீவன் உங்க மகனோட ஒரே கிளாஸ், இந்தக் கதைய இன்னும் வீட்டுல சொல்லுவான். அந்த நாய்க்குப் பின்கால் ஒண்ணு சரியில்ல, உங்க கடைக்குப் பின்னால கால்வாய் ஓரமாத்தான் படுத்துக்கும். உங்க மகன் ஸ்கூல் போறப்ப ஒரு ரொட்டி, வந்து ஒரு ரொட்டி போடுவாங்க. நாய் பிடிக்கிற வண்டி வந்த அன்னிக்கு எங்க வீட்டுப் படியில உக்காந்து ஒரே அழுகை. எங்கத்தாதான் புடிச்சுக் குடுத்துட்டாருன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க” என்றாள்.

பைரோஸ், அத்தா பிடித்துக் கொடுக்கவில்லை. நான்தான். அந்த மாதம் சுகாதார அதிகாரிகள் வருவதாக இருந்தார்கள், கடைப் பின்வாசலில் நாய் நிற்பதைப் பார்த்து இரண்டு வாடிக்கையாளர்கள் முகம் சுளித்துவிட்டுப் போயிருந்தார்கள். கடையின் கடிதங்களையெல்லாம் எப்போதும் நான்தானே எழுதுவேன், அதையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து நல்ல மலாயில் எழுதினேன். உரிமம் அத்தா பெயரில் இருந்ததால் அவர் பெயரைப் போட்டு, அவருக்காக நானே கையெழுத்தும் போட்டு நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பினேன், அவரிடம் சொல்லக்கூட இல்லை. வண்டிக்காரர்கள் கடைக்காரர் உதுமான் யார் என்று கேட்டு வந்தார்கள், யாரோ அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, கழகத்து வண்டியைத் தடுக்க முடியாமல் அவர் பின்பக்கத்தைக் காட்டினார். நீ பள்ளி வேனிலிருந்து இறங்கியபோது கண்டது அதைத்தான். தேதிகளைப் பழைய டைரியில் பார்த்தேன். அட்டை ஒட்டிய நான்காம் நாள் அது. மிச்சப் பதினேழு நட்சத்திரங்களுக்கும் காரணம், ரொட்டி தின்ன அங்கே யாரும் இல்லை என்பதுதான். இருபத்தொன்றாம் நாள் உன்னைக் கடை வாசலில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னேன், நீயும் சிரித்தாய். அந்தப் படத்தைத்தான் பதினோரு வருடம் என் திறமைக்குச் சான்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

யோகேஸ்வரி சொன்ன அன்று சாயங்காலம் கடைக்குப் போய், நாய் விஷயம் தெரியுமா என்று அத்தாவிடம் கேட்டேன். அவர் ரொட்டிக் கல்லைத் துடைத்துக்கொண்டே, “தெரியும். ஒரு நாள் காலைல பைப்படியில மண்ணைக் குழைச்சுக் கை கழுவிக்கிட்டு நின்னான், ஏழு தடவை எண்ணி எண்ணி. பத்து வயசுப் புள்ள, நாயைத் தொட்டா அப்படிக் கழுவணும்னு ஓதப் போன எடத்துல சொல்லிக் குடுத்தத ஞாபகம் வச்சிருக்கான். நான் பார்க்காத மாதிரி போயிட்டேன். அதுக்கப்புறம் தினம் ரெண்டு ரொட்டிய நானே கணக்குல காட்டாம தனியா மடிச்சு வச்சேன்” என்றார், அட்டையின் முதல் நான்கு நட்சத்திரங்களும் அப்படி வந்தவைதான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ எப்ப கேட்ட? நீதான் எல்லாத்துக்கும் ஒரு காரணம் படிச்சு வச்சிருந்தியே லா” என்றார், சிரிப்பில்லாமல். அப்புறம்தான் புகார்க் கடிதத்தைச் சொன்னேன். “என் பேர்லயா?” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் துணியைப் பிழிந்தார். “அதான் அன்னையிலேருந்து என் மோட்டார்ல ஏற மாட்டேன்னான்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நீ அவரோடு மோட்டார் சைக்கிளில் ஏறாததற்கும், கடைப் பக்கம் வராததற்கும், பேச்சைக் குறைத்ததற்கும் அப்போது அவர் என்னிடம் காரணம் கேட்டிருக்கிறார். வளரிளம் பருவத்துப் பையன்கள் தகப்பனிடமிருந்து விலகித்தான் ஆளாவார்கள், பேசாமல் விட்டுவிடுங்கள் என்று நான் பாடம் எடுத்தேன். நான் படித்தவள் என்று நம்பிப் பேசாமல் விட்டுவிட்டார், பதினைந்து வருடமாக.

சமூக உளவியல் என்று ஒன்று இருக்கிறது, நேரம் போதாமல் எப்போதும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவேன். ஒரு வீட்டில் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்பதைப் பிள்ளை எப்படி அறிந்துகொள்கிறது என்பதெல்லாம் அதில் வரும். அதை வைத்து விளக்கியிருந்தாலும் நான் அழகாகத் தவறான பதிலைத்தான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் ரொட்டி யாருக்கு என்று உன்னை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நாய்க்குச் சோறு போடுவது பாவம் என்று நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனால் கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று நான் இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்தேன், அதைக் கேட்டு வளர்ந்த நீ வாய் திறப்பாயா. அடுத்த வகுப்பில் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். யோகேஸ்வரி சொன்னது சரி, நான் அவளைப் பேசியது தவறு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒரு பையன் கை தூக்கி, “மேடம், அப்ப அந்த ஸ்லைடு எக்ஸாமுக்கு வராதா?” என்று கேட்டான். வராது என்றேன். நாயை யார் பிடித்துக் கொடுத்தது என்பதைச் சொல்லவில்லை, உனக்குச் சொல்லாமல் அதை வெளியாருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உன் கதையை எடுத்துப் பேசவும் உரிமை இருந்ததில்லை, அது எனக்கு இவ்வளவு தாமதமாகத்தான் புரிந்தது.

என்னை மன்னித்துவிட்டேன் என்று உடனே எழுதாதே. நீ நல்ல பிள்ளை, எழுதிவிடுவாய், அது எனக்கு இன்னொரு நட்சத்திரம் மாதிரி ஆகிவிடும். கோபமாக இருந்தால் கோபமாகவே இரு, எவ்வளவு நாள் என்று நான் எண்ண மாட்டேன். அந்தக் கோபத்தில் அத்தாவை மட்டும் சேர்க்காதே. அவர் உனக்காக ரொட்டி மடித்து வைத்தவர், அதை நம் இருவரிடமும் சொல்லிக்காட்டாதவர்.

சட்டை தோளில் இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்துவிடலாம், உள்ளே துணி விட்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனிதர்களையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தபின் நாலு மணிக்கு அத்தா கடையில் சும்மா உட்கார்ந்திருப்பார், உனக்கு அப்போது காலை ஒன்பது இருக்கும். எப்போதும் போல என் எண்ணுக்கு அடித்து, அத்தாவிடம் கொடுங்கள் என்று சொல்லாதே. அவர் எண்ணுக்கே அடி. நான் கல்லூரியில் இருப்பேன்.

உன் அம்மா,
மஹ்மூதா