ஆடியில் கேட்ட கல்யாணம்

22 ஜூலை 2006, சனி. இரவு.

என் மகள் மாலாவுக்கு மார்பில் புற்றுநோய். மருந்து ஏற்றினால் பிள்ளை பிறக்காமல் போகலாம். அதற்கு முன்பே கருவை உண்டாக்கி உறைய வைக்கலாம், ஆனால் கணவன் வேண்டும் என்றார் மதுரை டாக்டர். ஆவணியில் குறித்த கல்யாணம் வரை சிகிச்சையைத் தள்ள முடியாது. மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், அவருக்குச் சம்மதம். அவர் தாயாருக்கு மட்டும் தெரியக்கூடாது என்று மாலா சத்தியம் வாங்கிவிட்டாள்.

இன்று விஸ்வநத்தத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், கல்யாணத்தை அடுத்த வாரமே வைக்கலாமா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

"ஆடியில எவளாச்சும் தாலி கட்டிக்கிருவாளா மதினி?" என்றவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அம்புட்டு அவசரம்னா... பிள்ளைக்கு நாள் தள்ளிப்போச்சோ?"

வேறு சமயமாயிருந்தால் எழுந்து வந்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"கான்வென்ட்டுல படிச்சவுக வளத்த லட்சணமாக்கும்! சரி, புதன்கிழமை கோயில்ல வச்சு முடிச்சுருவோம். ஊரைக் கூட்டிராதீக."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

"எப்படிம்மா சம்மதிச்சாக?" என்றாள் மாலா.

"நல்ல மனுஷி" என்றேன்.

பிறக்காத பிள்ளைக்காக இவ்வளவும் செய்தாயிற்று. மாலா பிழைப்பாளா என்று டாக்டரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.